பிள்ளைகளைக் காக்க அங்கன்வாடியும் ஆயிரம் ரூபாயும் உதவுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடும்ப ஆலோசகராகத் திருப்பூர்ப் பக்கம் பல ஆண்டுகள் வீடு வீடாகப் போயிருக்கிறேன். பள்ளியில் பெற்றோர் கூட்டமாக இருந்தாலும் சரி, சுயஉதவிக் குழுக் கூட்டமாக இருந்தாலும் சரி, குழந்தைகள் மீதான வன்முறை என்று பேச்செடுத்தால் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வரும். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லிக்கொண்டிருப்பதற்கு எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. தமிழ்நாட்டை வைத்தே பேசுகிறேன். நான் சொல்லும் குடும்பங்களின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

குழந்தை வன்முறை என்றால் போலீஸ், கோர்ட், போக்சோ. இதில் சத்துணவுக்கும் உதவித்தொகைக்கும் என்ன வேலை?

போலீஸ் வருவது அடி விழுந்த பிறகு. நான் பேசுவது அதற்கு முந்தைய நாளைப் பற்றி.

2007-இல் மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசியிருந்தார்கள். மூன்றில் இரண்டு குழந்தைகள் அடி உதை பட்டிருந்தார்கள். குடும்பத்துக்குள் அடிபட்டவர்களில் 88.6 சதவீதம் பேரை அடித்தது பெற்ற அப்பா அம்மாவே. பழைய ஆய்வுதான். ஆனாலும் பிள்ளை பிடிக்கிறவனுக்குப் பயந்து கதவைச் சாத்துகிற நமக்கு, சாத்திய கதவுக்குள் என்ன நடக்கிறது என்று அது காட்டியது.

ஒரு வீட்டைச் சொல்கிறேன். லைன் வீடு, பத்துக்குப் பத்தில் ஒரே அறை. அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. கணவர் விட்டுவிட்டுப் போய் ஒரு வருஷம் ஆகிறது. பையனுக்கு மூன்று வயது ஆகவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டிதான் அவனைப் பார்த்துக்கொள்வார். ஒரு சாவுக்காக ஊருக்குப் போன பாட்டி பத்து நாளாகியும் திரும்பவில்லை. நாங்கள் போனபோது பையன் ஜன்னல் கம்பியில் கட்டிக்கிடந்தான். காலில் பழைய துப்பட்டா. எட்டும் தூரத்தில் ஒரு தம்ளர் தண்ணீர், கிண்ணத்தில் பொரி. குனிந்து முடிச்சை அவிழ்க்கும்போதுதான் கவனித்தேன். கால் அறுத்துவிடக் கூடாது என்று முடிச்சுக்கு அடியில் பனியன் வேஸ்ட் துணியை நாலாக மடித்து வைத்திருந்தார். ஆள் விட்டுக் கூப்பிட்டதும் ஓடிவந்த அம்மா சொன்னது இது: “கட்டாம விட்டா ரோட்டுக்கு ஓடிர்றான்க்கா. இன்னொரு லீவு போட்டா வேலைய விட்டு நிறுத்திருவாங்க.”

பிள்ளை மேல் அக்கறை இல்லாதவர் அந்தத் துணியை மடித்து வைக்கமாட்டார். அக்கறை இருந்தது, ஆள்தான் இல்லை. அந்த ஆளை யார் கொடுப்பது என்பதுதான் என் கேள்வி.

அப்படியென்றால் அந்த அம்மா செய்தது தப்பில்லையா?

தப்புதான். ஒரு தீ விபத்து என்றால் அந்தப் பையன் தப்பித்திருக்க முடியாது. சட்டப்படியும் குற்றம். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 75-ஆவது பிரிவு: குழந்தையின் பொறுப்பில் இருப்பவரே அதைக் கொடுமைப்படுத்தினாலோ, வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டாலோ 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சரி, அவரை உள்ளே தள்ளியாகிவிட்டது என்று வையுங்கள். பையனுக்கு என்ன கிடைத்திருக்கும்? ஒரு ஹோமில் ஒரு கட்டில். இப்படிப்பட்ட பிள்ளைகள் விஷயத்தில் முடிவெடுக்க மாவட்டத்தில் சட்டப்படி உள்ள குழந்தைகள் நலக் குழு முன்னால் விஷயத்தைக் கொண்டுபோனோம். எச்சரித்தார்கள், தொடர்ந்து கண்காணிக்கச் சொன்னார்கள், அங்கன்வாடியில் சேர்க்கச் சொன்னார்கள். மாலையில் அங்கிருந்து கூட்டிவந்து பார்த்துக்கொள்ள அதே லைனில் இன்னொரு பெண்ணை ஏற்பாடு செய்தோம். உதவித்தொகைக்கு மனு எழுதினோம். எல்லாம் ஓர் ஒழுங்குக்கு வர மூன்று மாதம் ஆயிற்று. முடிச்சை அவிழ்க்க ஒரு நிமிஷம், அது மறுபடி விழாமல் பார்க்க மூன்று மாதம்.

ஏழை வீட்டில்தான் பிள்ளைகளைக் கொடுமைப்படுத்துகிறார்கள் என்கிறீர்களா?

இல்லை. மாடி வீட்டுச் சுவர் தடிமன், சத்தம் வெளியே வராது. லைன் வீட்டில் ஒரு அடி விழுந்தால் ஏழு வீட்டுக்குக் கேட்கும், யாராவது போன் செய்வார்கள். எங்களிடம் வந்த கணக்கில் ஏழைகள் அதிகம் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். மார்க் குறைந்ததற்காக பெல்ட்டால் அடிவாங்கிய டாக்டர் வீட்டுப் பையனையும் பார்த்திருக்கிறேன்.

பணமில்லாமை யாரையும் கொடுமைக்காரர் ஆக்குவதில்லை. தூக்கத்தைக் கெடுக்கும், வாடகை நாளில் நெஞ்சை அடைக்கும், மாற்றிவிட ஓர் ஆள் இல்லாமல் செய்யும். அந்த நிலையில் கை ஓங்காமல் இருப்பதற்குப் பெரிய பொறுமை வேண்டும். வசதியானவர்களுக்கு அந்தப் பொறுமை தேவைப்படும் சந்தர்ப்பமே குறைவு.

காசு கொடுத்தால் அடி குறையும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா?

இருக்கிறது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் குறைந்தபட்ச ஊதியம் வேறுபடும். அது 1 டாலர் உயர்ந்தால் பிள்ளைகளைக் கவனிக்காமல் விடுவது பற்றிய புகார்கள் 9.6 சதவீதம் குறைவதாக 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. யாருக்கும் வகுப்பெடுக்கவில்லை, யாரையும் மிரட்டவில்லை, சம்பளம் மட்டும்தான் கூடியது. குழந்தைகள் மீதான வன்முறையைத் தடுக்க உலக சுகாதார நிறுவனம் 2016-இல் ‘இன்ஸ்பயர்’ என்ற பெயரில் ஏழு வழிகளை வகுத்தது. சட்டம் அதில் ஒன்று. குடும்ப வருமானத்தைப் பலப்படுத்துவது இன்னொன்று, பெற்றோருக்குத் துணை கொடுப்பது மற்றொன்று.

இங்கே கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கியபோது 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று ஆரம்பித்தது. ஆயிரம் ரூபாய் அடியை நிறுத்திவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வாரச் சம்பள ஊரில் வேலை பார்த்தவள் நான். சனிக்கிழமை சம்பளம். வியாழன், வெள்ளி வந்தால் பர்ஸ் காலி, குழுக் கடன் தவணைக்கு ஆள் வந்து வாசலில் உட்கார்ந்திருப்பார், அந்த நேரம் பார்த்துப் பிள்ளை கலர் பென்சில் கேட்கும். நான் கேட்ட அடிகளில் பல இப்படிக் கலர் பென்சிலில் ஆரம்பித்தவை. மாதத்தில் அப்படி ஒரு வெள்ளிக்கிழமை குறைந்தாலும் லாபம்தான்.

அந்தக் காசைக் குடித்துவிட மாட்டார்களா?

பணம் பெண்ணின் கணக்குக்குத்தான் வருகிறது. ஏடிஎம் கார்டு யார் சட்டைப் பையில் இருக்கிறது என்பது வேறு விஷயம். 2003-லிருந்து சில்லறை மதுக்கடையை நடத்துவதும் அரசுதானே, ஒரு கையால் கொடுத்து இன்னொரு கையால் வாங்குகிறதே என்று கூட்டத்தில் யாராவது ஒரு பெண் எழுந்து கேட்பார். எனக்கு மறுக்க வாய் வராது.

காலை உணவு, சத்துணவு எல்லாம் பசிக்குத்தானே? அது எப்படிப் பாதுகாப்பு ஆகும்?

காமராஜர் 1956-இல் மதிய உணவைத் தொடங்கியதும், எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 முதல் அதைச் சத்துணவாக விரித்ததும் பசிக்காகவும் படிப்புக்காகவும்தான். ஆனால் பள்ளிச் சமையலறைப் பக்கம் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். பிள்ளை தட்டை நீட்டும்போது சட்டைக் கை மேலே ஏறும், முழங்கைக்கு மேலே உள்ள தழும்பு தெரியும். கரண்டி பிடித்திருக்கிற அம்மா தினமும் அதே கையைப் பார்க்கிறவர். “என்னடா இது?” என்று அவர் கேட்பதைப் போல ஓர் அதிகாரியால் கேட்கவே முடியாது. நான்கு நாளாக ஒரு பிள்ளை வரவில்லை என்றால் முதலில் தெரிவதும் அந்தக் கரண்டிக்குத்தான்.

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. காலை ஏழரைக்கும் எட்டேகாலுக்கும் நடுவில் ஒரு வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். எட்டரைக்கு ஷிப்ட். ஒரு அடுப்பு. ஒருவனுக்குச் சாக்ஸ் கிடைக்கவில்லை, இன்னொருத்திக்கு இட்லி இறங்கவில்லை. அடி விழ வசதியான நேரம் அது. அந்த முக்கால் மணி நேரத்திலிருந்து சமையலையும் ஊட்டலையும் அரசு எடுத்துக்கொண்டது. “இப்ப காலைல கத்துறது குறைஞ்சிருக்குங்க” என்று ஓர் அம்மா என்னிடம் சொன்னார். திட்டத்தின் நோக்கங்களில் அது இல்லை, பலன்களில் சேர்த்துக்கொள்ளலாம்.

கைக்குழந்தையை யாராவது அடிப்பார்களா?

அடிப்பதைவிட ஆபத்தானது உலுக்குவது. விடாமல் அழும் பிள்ளையை நிறுத்தவேண்டும் என்ற வெறியில் தோளைப் பிடித்து உலுக்கினால் மூளைக்குள் ரத்தம் கசியலாம், பார்வை போகலாம், உயிரே போகலாம். வெளியே ஒரு காயமும் தெரியாமல் போகலாம்.

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து பிள்ளையின் அழுகை கூடிக்கொண்டே போகும். ஆறாவது வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாக அடங்கும். பசியும் இல்லை, வயிற்று வலியும் இல்லை, ஆனாலும் அழும். இப்போது நம் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். பிரசவத்துக்குத் தாய்வீடு, மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்த வீட்டில் கொண்டுபோய் விடுவது. அழுகை உச்சத்தில் இருக்கும் காலம் முழுவதும் அம்மா, சித்தி, பாட்டி என்று கை மாற்ற ஆள் இருக்கிறது. பத்தியச் சோறு போட்டுத் தூங்கச் சொல்ல ஆள் இருக்கிறது. யாரும் ஆய்வு செய்து வகுத்ததில்லை, ஆனால் கணக்குச் சரியாகப் பொருந்துகிறது. பிரசவ காலத்துக்கு இதைவிட நல்ல பாதுகாப்புத் திட்டத்தை நான் பார்த்ததில்லை.

அது எல்லோருக்கும் கிடைப்பதில்லை என்பதுதான் சிக்கல். காதல் கல்யாணம் செய்து வீட்டை விட்டு வந்தவர்கள், அம்மாவை இழந்தவர்கள், தேனியிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வேலைக்கு வந்த ஊரில் பிள்ளை பெற்றவர்கள். இவர்களுக்குத் தாய்வீடு அரசுதான். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று: பால் கொடுத்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, இன்னும் அழுகிறதா, உங்கள் கை நடுங்குகிறதா, பிள்ளையைப் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு வாசலுக்கு வந்து பத்து நிமிஷம் நில்லுங்கள். அழுவதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது.

மகப்பேறு விடுப்பு 26 வாரம் இருக்கிறதே?

சட்டத்தில் இருக்கிறது. 2017-இல் மகப்பேறு சலுகைச் சட்டத்தைத் திருத்தி முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் ஆக்கினார்கள். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாதம். விடுப்புக்கும் வன்முறைக்கும் தொடர்பு உண்டு. கலிஃபோர்னியா மாநிலம் 2004-இல் சம்பளத்துடன் குடும்ப விடுப்பைக் கொண்டுவந்தது. அதன்பின், உலுக்கியோ அடித்தோ தலையில் காயம்பட்டு மருத்துவமனைக்கு வந்த இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் எண்ணிக்கை, விடுப்பு இல்லாத மாநிலங்களோடு ஒப்பிட்டபோது குறைந்திருந்தது.

இங்கே பீஸ் ரேட்டில் தைக்கிறவருக்கும், கட்டட வேலை சித்தாளுக்கும், வீட்டு வேலை செய்பவருக்கும் 26 வாரம் யார் தருவார்? அவர்களுக்கு இருப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி. ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்பு, தவணை தவணையாக வரும். கர்ப்பம் தெரிந்தவுடன் பதிவு செய்து பிக்மி நம்பர், அதாவது அரசின் கர்ப்பப் பதிவு எண், வாங்கிவிடுங்கள். தாமதமாகப் பதிந்தவர்கள் அலைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வேலைக்குப் போகும் அம்மா பிள்ளையை அங்கன்வாடியில் விடலாமே?

விடலாம், பிள்ளைக்கு இரண்டு வயது ஆகியிருந்தால். மாலைக்குள் வந்து கூட்டிக்கொண்டு போகவும் முடிந்தால்.

எனக்கு இருக்கும் பெரிய வருத்தம் இதுதான். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் 1975-இல் தொடங்கி இன்று தமிழ்நாட்டில் சுமார் 54,000 மையங்கள் இருக்கின்றன. நல்ல மையங்கள், நல்ல டீச்சர்கள். ஆனால் இரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு அங்கே சத்துமாவு கிடைக்கும், தடுப்பூசி கிடைக்கும், நாள் முழுக்க இருக்க இடம் கிடைக்காது. பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரை முதல் இரவு எட்டரை. மையம் மூடியதற்கும் அம்மா வருவதற்கும் நடுவில் நான்கு மணி நேரத்துக்கு மேல். அந்த நேரத்தில் பிள்ளை யாரிடம் இருக்கிறது? எட்டு வயது அக்காவிடம், அல்லது தூங்கிக்கொண்டிருக்கும் நைட் ஷிப்ட் அப்பாவிடம், அல்லது “நான் பார்த்துக்கறேன்” என்று சொல்லும் யாரோ ஒருவரிடம். என்னிடம் வந்த மோசமான சம்பவங்களில் பெரும்பாலானவை இந்த மூன்றாவது வகை.

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம் கட்டாயம் என்றும், அம்மா ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம் என்றும் அதே 2017 திருத்தம் சொன்னது. ஒரு கம்பெனியில் காப்பகத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். சாவி தேட அரை மணி நேரம் ஆயிற்று. திறந்தால் சுவரில் யானை, முயல் எல்லாம் அழகாக வரைந்திருக்கிறது, தரையில் கூரை முட்ட அட்டைப் பெட்டி. ஆடிட் வருகிற அன்றைக்குப் பெட்டிகள் இடம் மாறும் என்று காவலாளி சிரித்துக்கொண்டே சொன்னார். மத்திய அரசின் ‘பால்னா’ திட்டத்தில் அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகம் நடத்த வழி இருக்கிறது. ஆறு மாதப் பிள்ளையிலிருந்து சேர்க்கலாம். எனக்கு அதிகாரம் இருந்தால் முதலில் கையெழுத்துப் போடுவது தொழிற்பேட்டைகளில் இரவு ஒன்பது வரை திறந்திருக்கும் காப்பகத்துக்குத்தான்.

வீட்டுக்கே வந்து உதவுகிறவர்கள் இருக்கிறார்களா?

கிராமச் சுகாதாரச் செவிலியர் இருக்கிறார். ஊசி போட மட்டும் வருகிறவர் என்று நினைத்துவிடுகிறோம்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் எல்மைரா என்று ஒரு சிறு நகரம். 1970-களின் இறுதியில் டேவிட் ஓல்ட்ஸ் என்பவர் அங்கே 400 கர்ப்பிணிகளை வைத்து ஒரு சோதனை செய்தார். முதல் பிரசவம். இளம் வயது, வறுமை, தனியாள் என்ற மூன்றில் ஒன்றாவது பெரும்பாலோருக்கு இருந்தது. ஒரு பிரிவினர் வீட்டுக்குக் கர்ப்பத்திலிருந்து பிள்ளைக்கு இரண்டு வயது ஆகும்வரை ஒரே நர்ஸ் தொடர்ந்து போனார். 15 ஆண்டு கழித்துப் பார்த்தபோது, நர்ஸ் வராத குடும்பங்களைவிட அந்தக் குடும்பங்களில் உறுதிசெய்யப்பட்ட குழந்தைக் கொடுமை, புறக்கணிப்பு ஏறக்குறைய பாதியாக இருந்தது. ஒரே ஆள் திரும்பத் திரும்ப வருவதுதான் அதன் சூட்சுமம் என்பது என் எண்ணம். இன்னொன்றும் தெரியவந்தது. புருஷனோ கூட இருப்பவனோ அம்மாவை அடிக்கடி அடிக்கும் வீடுகளில் நர்ஸ் வந்தும் இந்தப் பலன் கிடைக்கவில்லை. அம்மா மேல் விழும் அடியை நிறுத்தாமல் பிள்ளை மேல் விழும் அடியை நிறுத்த முடியாது போலிருக்கிறது. பெண்கள் உதவி எண் 181-ஐ அதனால்தான் பிள்ளைகளுக்கான எண்களோடு சேர்த்தே எழுதிக் கொடுப்பேன்.

நம் செவிலியருக்கு ஒருவருக்கே ஆயிரக்கணக்கான மக்கள், அதோடு பதிவேடு, செயலி, முகாம். உட்கார்ந்து பேச நேரம் எங்கே?

தொட்டில் குழந்தைத் திட்டம் இந்த வகையில் சேருமா?

பாதி சேரும். 1992-இல் சேலத்தில் பெண் சிசுக்கொலையைத் தடுக்கக் கொண்டுவந்தார்கள். கொல்லாதே, தொட்டிலில் போடு, அரசு வளர்க்கும். பிள்ளைகள் உயிர் பிழைத்தார்கள், அதைக் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அந்தத் தொட்டில் பிள்ளையை எடுத்துக்கொண்டது, பெற்றவளை அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்பியது. இன்றைய சட்டம் ஒரு படி தள்ளி வந்திருக்கிறது. பிள்ளையை ஒப்படைக்க வருபவரிடம் நலக் குழு பேச வேண்டும், மனம் மாற இரண்டு மாதம் தர வேண்டும். தன் கையை மீறிய சூழ்நிலையில் பெற்றவர் பிள்ளையைக் கைவிட்டார் என்று தெரிந்தால் 75-ஆவது பிரிவின் தண்டனை அவருக்குப் பொருந்தாது. அந்த இரண்டு மாதத்தில் யாராவது அவருக்கு ஒரு வேலையும் ஒரு அறையும் பார்த்துக் கொடுத்தால் பலர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

வளர்க்க முடியவில்லை, ஹோமில் சேர்த்துவிடலாமா?

அவசரப்படாதீர்கள். வறுமை ஒன்றை மட்டும் காரணமாக வைத்துப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று 2009-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற வழிகாட்டுதல் சொல்கிறது. நம் இளைஞர் நீதிச் சட்டமும் விடுதியைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது.

பிள்ளை வீட்டிலேயே வளர மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. கணவரை இழந்த, விவாகரத்தான, கைவிடப்பட்ட அம்மாவின் பிள்ளை, பெற்றோர் இல்லாமல் உறவினரிடம் வளரும் பிள்ளை, பெற்றோர் உயிருக்கு ஆபத்தான நோயில் இருக்கும் பிள்ளை ஆகியோர் கேட்கலாம். குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கலெக்டர் அலுவலகத்தில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு எங்கே என்று கேளுங்கள். வருமானச் சான்று, ஆதார், பள்ளியில் படிக்கும் சான்று, பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு. கைவிட்டுப் போன கணவருக்கு இறப்புச் சான்று கேட்டு அலைக்கழிப்பவர்களும் உண்டு. அப்போது அசராமல் நலக் குழுவிடமே போய்விடுங்கள்.

பாலியல் வன்முறையையும் இதெல்லாம் தடுக்குமா?

முழுதாகத் தடுக்காது. அதைச் செய்பவன் களைப்பிலோ கடன் தொல்லையிலோ செய்வதில்லை, திட்டம் போட்டுச் செய்கிறான். உதவித்தொகை அவனைத் திருத்தாது. ஆனால் அவனுக்குத் தேவை தனியாக இருக்கும் பிள்ளையும் வேறு வழியில்லாத அம்மாவும். காப்பகம் முதலாவதைக் குறைக்கும், கையில் காசு இரண்டாவதைக் குறைக்கும். வாடகை கட்டுபவனே குற்றவாளியாக இருக்கும் வீட்டில் அம்மா ஏன் வாய் திறக்கவில்லை என்று திட்டுகிறோம். மறுநாள் அவர் எங்கே படுப்பார் என்று யோசிப்பதில்லை. நடந்தது தெரிந்தால் போலீஸுக்கோ குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ சொல்லியாக வேண்டும். தெரிந்தும் சொல்லாமல் இருப்பது போக்சோ சட்டத்தில் குற்றம்.

அடியாத மாடு படியாது என்பார்களே?

மாட்டைப் பற்றி எனக்குத் தெரியாது. பள்ளியில் அடிப்பதை 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்துவிட்டது. வீட்டில் அடிப்பதை ஸ்வீடன் 1979-இலேயே முழுதாகத் தடை செய்தது. சட்டம் போட்டவர்கள் யாரையும் சிறைக்கு அனுப்பத் துடிக்கவில்லை. பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கெல்லாம் விளக்கக் கையேடு அனுப்பினார்கள், பால் பாக்கெட்டில்கூட அச்சிட்டார்கள். இங்கே நாம் பிள்ளைகளை வைத்து வெயிலில் பதாகையோடு பேரணி நடத்துகிறோம். அடிப்பவர்கள் வீட்டில், அடிவாங்குபவர்கள் ரோட்டில்.

நானே பிள்ளையை ஏதாவது செய்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. சொன்னால் பிள்ளையைப் பிடுங்கிவிடுவார்களா?

பயம் வந்தவுடன் கேட்கிறவர்களிடமிருந்து பிள்ளையைப் பிடுங்கியதை நான் பார்த்ததில்லை. 14416-க்குப் போன் செய்யுங்கள், மனநல ஆலோசனைக்கான இலவச எண், தமிழில் பேசலாம். 104-லும் பேசலாம். பிரசவமாகிச் சில வாரங்களில் காரணமில்லாத அழுகை, தூக்கமின்மை, பிள்ளை மேலேயே வெறுப்பு என்று இருந்தால் அது மருந்தும் பேச்சும் குணப்படுத்தக்கூடிய நோய். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள். கொழுப்பு என்று சொல்லும் மாமியார் டாக்டர் இல்லை.

பக்கத்து வீட்டில் தினமும் பிள்ளை அலறுகிறது. 1098-க்குச் சொன்னால் குடும்பச் சண்டை ஆகிவிடாதா?

பெயர் சொல்லாமலே சொல்லலாம், உங்களைக் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். அதற்கு முன்னால், நிலைமை அபாயமாக இல்லை என்றால், ஒரு நாள் சாயங்காலம் அந்தப் பிள்ளையை ஒரு மணி நேரம் உங்கள் வீட்டில் டிவி பார்க்க அழைத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மா அந்த ஒரு மணி நேரம் தூங்குவார். காயம் இருந்தாலோ, பூட்டிவைத்தாலோ, பட்டினி போட்டாலோ தயங்காமல் போனை எடுங்கள்.

வெளிமாநிலத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கும் இதெல்லாம் கிடைக்குமா?

உரிமைத் தொகைக்கு இந்த மாநில ரேஷன் கார்டு வேண்டும். அங்கன்வாடி, தடுப்பூசி, 1098 எல்லோருக்கும் உண்டு. அந்தத் துப்பட்டாப் பையனைச் சேர்த்த மையத்தில் இப்போது பாதிப் பேர் இந்தியும் ஒடியாவும் பேசும் வீட்டுப் பிள்ளைகள். டீச்சர் வருகைப் பதிவேட்டில் பெயர்களைக் காதில் விழுந்தபடி தமிழில் எழுதிவைத்திருக்கிறார். ஒரு பிள்ளையின் பெயருக்கு நேரே பென்சிலில் ஒரு குறிப்பு: “அம்மா 6 மணிக்கு மேல்தான் வரும், ஆயா வீட்டில் விடவும்.”